கில்ட்: கிடேரிப்பன்றி எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பன்றிப் பண்ணையில் சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போடுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். இன்னும் ஒரு ஈற்றுகூட ஈனாத பெண் பன்றிக்கு ஆங்கிலத்தில் கில்ட் என்று தனிப்பெயர் உண்டு. குட்டி போட்டபின் அதன் பெயர் சௌ. இதைக் கணினி மொழிபெயர்ப்பிடம் கொடுத்துப் பார்த்தேன். "தங்க முலாம் பூசியவற்றுக்கு விந்து செலுத்தும் முன்" என்று தொடங்கியது. அதோடு மூடிவிட்டேன்.

"பெண் பன்றி" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது. கையேட்டில் பாதி அந்த வேறுபாட்டைப் பற்றித்தான். ஈன்ற பன்றி பருவத்தில், அதாவது ஆணோடு சேர இணங்கும் நிலையில், 2, 3 நாள் இருக்கும். ஈனாதது பெரும்பாலும் 1, 2 நாளில் முடித்துக்கொள்ளும். அதனால் ஊசி போடும் நேரம் மாறும். கருப்பைவாய் சிறியது, அதனால் விந்து செலுத்தும் குழலின் முனை மாறும். வெளியுறுப்பு தாய்ப்பன்றியைவிட நன்றாகச் சிவந்து வீங்கும். வீக்கத்தை மட்டும் பார்த்துப் போட்டால் சீக்கிரமாகப் போட்டுவிடுவோம்.

கில்டுக்கு இங்கே ஏற்கெனவே மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டன. "இளம்பன்றி" வயதை மட்டும்தான் சொல்கிறது. ஆண் குட்டிக்கும் பொருந்தும். "ஈனாப்பன்றி" மலட்டுப் பன்றி போல ஒலிக்கிறது. பண்ணையிலிருந்து கழிக்க வேண்டியவை பற்றிய பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் குழப்பம் நிச்சயம். "கன்னிப்பன்றி" காதுக்கு நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சினை பிடித்தபின்னும் அது கில்ட்தான். சினைக்காலம் சுமார் 114 நாள்; அத்தனை நாளும் "சினைக் கன்னி" என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

என் முன்மொழிவு: கிடேரிப்பன்றி. கன்று போடாத பசுவைக் கிடேரி என்கிறோம். சினையான பிறகும் அது "சினைக் கிடேரி"தான். கன்று ஈன்ற பிறகுதான் பெயர் மாறுகிறது. கில்ட் என்ற சொல்லின் எல்லையும் அதே இடத்தில்தான் விழுகிறது. முதல் ஈற்றுக்குப் பிறகு "தலையீற்றுப் பன்றி" தயாராக இருக்கிறது. மாட்டைப் பழகிய எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது பருவச் சோதனை. ஆண் பன்றியை எதிரே நிறுத்தி, மூக்கோடு மூக்கு உரச விட்டு, பெண்ணின் முதுகை இரு கையாலும் அழுத்தினால், பருவத்தில் இருப்பது நகராது. நான்கு காலையும் ஊன்றி, காதை விறைத்துக்கொண்டு கல்லாக நிற்கும். ஆணின் எச்சில் நுரையில் உள்ள வாசனை செய்யும் வேலை அது. இதற்கு நண்பர் ஒருவர் "அசைவின்மை அனிச்சைச் செயல்" என்று தந்திருந்தார். பொருள் சரிதான், ஆனால் கொட்டிலில் நின்று யாரும் அதைச் சொல்லப்போவதில்லை. அங்கே கேட்பது "நிக்குதா?", "இன்னும் நிக்கல" என்ற இரண்டே பேச்சு. அதிலிருந்து "நிற்பு" என்று எடுத்துக்கொண்டேன். நிற்புச் சோதனை, நிற்பு தொடங்கிய நேரம், நிற்பு முடிந்தது. பதிவேட்டுக் கட்டத்துக்குள்ளும் அடங்குகிறது.

குழலுக்கு வருவோம். நுனியில் புரி உள்ளது திருகுமுனைக் குழல்; பஞ்சு போன்ற நுரைக் குமிழ் உள்ளது பஞ்சுமுனைக் குழல். கிடேரிப்பன்றிக்குச் சின்னக் குமிழ். இதில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று களத்திலிருந்தே கிடைத்தது. குழலின் நுனியில் வழுவழுப்புக் களிம்பு தடவி, மேல்நோக்கிச் சாய்த்து உள்ளே விட வேண்டும். நேராக விட்டால் கீழ்த்தளத்தில் உள்ள மூத்திரத் துளைக்குள் போய்விடும். பிறகு கருப்பைவாயின் மடிப்பு தட்டுப்படும். திருகுமுனையை அங்கே இடப்பக்கமாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாகத் திருக வேண்டும். ஆண் பன்றியின் உறுப்பே இடம்புரியாக முறுக்கியிருப்பது. குழல் அதைப் பார்த்துச் செய்ததுதான். இரண்டு மூன்று சுற்றில் இறுகும். மெல்லப் பின்னுக்கு இழுத்தால் வராது. அந்த நொடிக்குப் பண்ணைக்காரர் சொல்வது: "பூட்டு விழுந்துடுச்சு." இதைவிட நல்ல சொல்லை எந்தக் குழு கூடியும் உண்டாக்க முடியாது. "பூட்டு" என்றே வைத்துவிட்டேன். கழற்றும்போது வலப்பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு "பூட்டு திறத்தல்".

பூட்டு விழுந்தபின் விந்துப் பையை உயர்த்திப் பிடித்தால் போதும், பிதுக்கக் கூடாது. 80 முதல் 100 மில்லி வரை உள்ள ஒரு வேளை அளவைக் கருப்பையே சில நிமிடங்களில் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் திரும்பி வழியும். அதற்கு "மறுகசிவு".

இப்போது உங்கள் உதவி தேவைப்படும் இடம். குழலுக்குள் மெல்லிய உட்குழல் ஒன்றை விட்டு, கருப்பைவாயைத் தாண்டி விந்தைச் சேர்க்கும் முறை இருக்கிறது. அளவு ஏறக்குறையப் பாதி போதும். ஈன்ற பன்றிக்கு நன்றாக ஒத்துவருகிறது. கிடேரிப்பன்றியில் உட்குழல் பல நேரம் நுழையவே மறுக்கும், வற்புறுத்தினால் புண்ணாகும். முதலில் "கழுத்து கடந்த கருவூட்டல்" என்று எழுதினேன், கருப்பைக் கழுத்து என்ற பொருளில். அச்சுக்குப் போகும் முன் நினைவுக்கு வந்தது: பன்றிக்குத் தடுப்பூசி போடுவதே காதுக்குப் பின்னால் கழுத்தில்தான். "சினை ஊசி" என்ற வழக்கில் உண்மையான ஊசியே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கழுத்து, ஊசி இரண்டும் ஒரே வரியில் வந்தால், புதிதாக வேலைக்கு வந்த பையன் என்ன செய்வான்? அடித்துவிட்டு "கருப்பைவாய் கடந்த கருவூட்டல்" என்று மாற்றியிருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக யாராவது சொன்னால் நல்லது.

கடைசியாக, விந்தோடு கலக்கும் கரைசல். அகராதியில் "நீட்டிப்பான்" என்று இருக்கிறது. எதை நீட்டிக்கிறது என்று தெரியவில்லை. "குளிர்காப்பு நீர்" என்று ஒருவர் சொன்னார். அது ஆபத்து. காளை விந்து திரவ நைட்ரஜனில் உறைந்து கிடப்பது போலப் பன்றி விந்து தாங்காது. 15 முதல் 18 டிகிரி செல்சியஸில்தான் வைக்க வேண்டும். குளிர் என்ற சொல்லைப் பார்த்துச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கதை முடிந்தது. "காப்புநீர்" என்று மட்டும் வைத்தேன்.

* * *

வணக்கம். நிற்பு, பூட்டு இரண்டும் அருமை, மறுபேச்சில்லை. கிடேரிப்பன்றிதான் நெருடுகிறது. கிடேரி மாட்டுக்கும் எருமைக்கும் உரிய சொல். பன்றியின் பெண்ணுக்குப் பிணவு என்று தொல்காப்பிய மரபியலே பெயர் கொடுத்திருக்கும்போது, ஒரு விலங்கின் பெயரை இன்னொன்றுக்கு மாட்டுவது மரபு வழு ஆகாதா தம்பி? "இளம்பிணவு" என்று வைத்தால் சுருக்கமாகவும் இருக்குமே.

* * *

ஐயா, வணக்கம். பிணவு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் மரபியல் அதைப் பன்றி, புல்வாய் என்ற மான், நாய் மூன்றுக்கும் பொதுவாகத் தருகிறது. ஈன்றது, ஈனாதது என்று பிரிப்பதில்லை. எனக்குத் தேவை அந்தப் பிரிவுதான். "இளம்" சேர்த்தால் மறுபடி வயதுக்குள் போய்விடுகிறோம். சின்ன வயதில் முதல் ஈற்றை முடித்த பன்றியும் இளம்பிணவுதானே?

மரபு பற்றி ஒன்று. அதே மரபியல் பன்றியின் இளமைக்குக் குருளை என்கிறது. குட்டி என்பதை மூங்கா (கீரி), வெருகு (காட்டுப்பூனை), எலி, அணில் ஆகியவற்றுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் குருளைக்கு உரியவற்றைக் குட்டி என்று சொன்னாலும் விலக்குவதில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது; அதனால் நாம் எல்லோரும் சொல்லும் பன்றிக்குட்டி வழு ஆகவில்லை.  குட்டி அணிலிடமிருந்து பன்றிக்கு வரலாம் என்றால், கிடேரியும் மாட்டுக் கொட்டிலிலிருந்து பக்கத்துக் கொட்டிலுக்கு வரட்டுமே.

பிணவை முழுவதும் விட்டுவிடவில்லை. ஈன்றது, ஈனாதது இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடங்களில், அட்டவணைத் தலைப்புகளில், "பிணவு" போடுகிறேன். ஆணுக்கு மரபியல் தரும் ஒருத்தல் என்ற பெயர் வேண்டாம் என்று தோன்றுகிறது. யானை நினைவு வந்துவிடும். பொலிகாளை, பொலிகிடா என்று புழக்கத்தில் இருப்பதால் "பொலிப்பன்றி" என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று பாக்கி. விற்காமல், அடுத்த தலைமுறைத் தாய்க்கென்று பண்ணையிலேயே நிறுத்திவைக்கும் கிடேரிப்பன்றிகளை என்ன சொல்வது? "விடுப்புக் கிடேரி" என்று எழுதிப் பார்த்தேன், லீவு போட்டது போல இருக்கிறது. "விட்டுவைத்த கிடேரி" என்பதுதான் பேச்சில் வருகிறது. இரண்டு சொல் ஆனாலும் பரவாயில்லையா, ஐயா?