டீச்சரா இருந்த நம்ம வீட்டுப் பெரியவங்க: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

ஜன்னலோரம்
எங்க பாட்டி 33 வருஷம் டீச்சர், கடைசி ரெண்டு வருஷம் மறதி நோய், அது எப்படி இருக்கும்னு இங்க பலருக்குத் தெரியும், அதை விடுறேன். சாயங்காலம் ஆனா அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. போர்வையை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு விரலால வரி வரியா இறங்குவாங்க, என்னைக்கோ படிச்ச பிள்ளைங்க பேரு, 41 பேரு, அகர வரிசை மாறவே மாறாது. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க "உள்ளேன் டீச்சர்" சொல்லணும், இல்லன்னா அடுத்த பேருக்குப் போக மாட்டாங்க. என் பேரைக் கேட்டா முழிப்பாங்க. ஒருநாள் நடுவுல புதுசா ஒரு பேர் வந்துச்சு, நான் ஃபோனைப் பாத்துக்கிட்டே வழக்கம்போல உள்ளேன் டீச்சர்னுட்டேன். விரல் நின்னுடுச்சு. "அவன் எப்படிடி வருவான்? அவன் பேருக்கு நீ ஏன் உள்ளேன் சொல்ற?" கேட்டுட்டு போர்வையில அந்த இடத்துல நகத்தால ஒரு கோடு கிழிச்சாங்க. அன்னைக்கு மிச்சப் பேரைக் கூப்பிடல. அந்தப் பையன் யாரு, என்ன ஆனான், வீட்ல யாருக்கும் தெரியல.

நேர்வகிடு
தப்பா எடுத்துக்காதீங்க, கூட சேந்து நடிச்சதே தப்புன்னு தோணுது. இது வீடு, நான் உங்க பேத்தின்னு பொறுமையா சொல்லியிருக்கணும். அவங்களை ஏமாத்துற மாதிரிதான அது.

மழைக்கால லீவு
@நேர்வகிடு நாங்க உண்மையைச் சொன்ன ஆளுங்க. எங்க ஆச்சி ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், தினமும் "எங்க அம்மா வந்துட்டாங்களா"ம்பாங்க, மாமா தினமும் "அவங்க செத்து நாப்பது வருஷம் ஆச்சும்மா"ம்பாரு. ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு அது புதுச் சாவு. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு அழுவாங்க, அரை மணி நேரத்துல அழுதது மறந்துடும், திரும்பக் கேப்பாங்க. புது ஞாபகம் முதல்ல போயிடும், பழசு ரொம்ப நாள் நிக்கும், அதுதான் அந்த வியாதி. திருத்துறதுனால ஒண்ணும் ஒட்டாது.

தும்பிக்கை லை
எங்க அம்மாச்சி கதை சின்னது. 1978ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தப்போ அவங்க சர்வீஸ்ல இருந்தாங்க, போர்டுல புது லை, ணை, றா எல்லாம் சுத்தமா எழுதுனாங்களாம், வீட்டுல மட்டும் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி வச்ச பழைய லை தான். நான் அதைப் பாத்து ஹோம்வொர்க்ல எழுதிட்டுப் போக மிஸ் சிவப்பு வட்டம் போட்டுட்டாங்க. அழுதுக்கிட்டே நோட்டை நீட்டுனேன், அம்மாச்சி சண்டைக்குப் போவாங்கன்னு நினைச்சேன். "உங்க மிஸ் சொல்றதுதான் சரி"ன்னுட்டு, பேனாவை எடுத்து அந்த வட்டத்துக்குக் கீழயே புது லையைப் பத்து தடவை எழுதுனாங்க. அவங்களுக்கு அவங்களே இம்போசிஷன். அடுத்த நாள் பாத்தா மாத்திரை டப்பா லேபிள்ல காலை, மாலை ரெண்டுலயும் பழைய தும்பிக்கை.

நேர்வகிடு
அது 1978 இல்ல, பெரியார் 1935லயே குடி அரசு பத்திரிகையில அந்தப் புது எழுத்தைக் கொண்டு வந்துட்டாரு.

தும்பிக்கை லை
பத்திரிகை வேற, அரசாணை வேறங்க. பாடப்புத்தகத்துக்கு வந்தது அரசாணைக்கு அப்புறம்தான். நான் அம்மாச்சியைப் பத்தில்ல பேசிட்டிருக்கேன்.

பழைய பீரோ
என் பெரியம்மாவும் டீச்சர், போன வருஷம் தவறிட்டாங்க, அவங்க குரல் இருந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஃபோன் மாத்துனப்ப போயிடுச்சு, அவ்ளோதான் என் கதை. அதனால சொல்றேன், பெரியவங்க குரல் இருக்கிற ஃபைலை இன்னைக்கே வெளிய எடுத்து வைங்க, ஃபோன்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க கிட்ட ஒண்ணு. கையெழுத்து நோட்டு, லெட்டர் இருந்தா லேமினேட் பண்ணிடாதீங்க, திரும்பப் பிரிக்க முடியாது, கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டவும் கூடாது, கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையும் கெடுத்துடும். ஸ்கேன் 300 டிபிஐ போதும், சின்ன ஃபோட்டோன்னா 600 வைங்க. ஃபோட்டோ பின்னாடி பேர் எழுதணும்னா பால் பாயிண்ட் வேணாம், முன்பக்கம் தடம் விழும், மிருதுவான பென்சில் போதும். வெயில் படுற சுவர்ல ஒரிஜினலை மாட்டாதீங்க, காப்பி போட்டு மாட்டுங்க. @ஜன்னலோரம் பாட்டியோட ரெஜிஸ்டர் எதாவது இருந்தா அதுல அந்தப் பையன் பேர் சிக்கும், முதல்ல ஸ்கேன் பண்ணிடுங்க.

ஜன்னலோரம்
ரெஜிஸ்டர் இல்லண்ணா, அது போர்வைதான்.
அவனுக்கு முன்னாடி பேரும் பின்னாடி பேரும் எனக்கு மனப்பாடம். மத்த நாள்லாம் அவனைத் தாண்டித்தான் போவாங்க போல, அன்னைக்கு ஒருநாள்தான் கூப்பிட்டாங்க. ஃபோனைப் பாத்துட்டு இருந்தேனா, பேர் காதுல விழல.