அப்பா அம்மாவுக்கு ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம், வயரே போதும்

வல்லத்தான்:
வயதானவர்களுக்கு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கிக் கொடுக்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. வலது காது கொஞ்சம் மந்தம். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துப் பேசினால் கை வலிக்கிறது என்றார். போன தீபாவளிக்கு ஒரு நெக்பேண்ட் (கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் ஹெட்செட்) வாங்கி, நானே அவர் போனோடு பேரிங் செய்து, இரண்டு நாள் கூட இருந்து பழக்கிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினேன். மூன்றாவது வாரம் ஒரு காலை அவரிடமிருந்து அழைப்பு. எடுத்தால் எனக்குக் கேட்டது மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்தான். அவர் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. நான் கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை. நான்கு முறை இப்படியே ஆனது. உள் அறையில் ஆணியில் மாட்டியிருந்த நெக்பேண்ட் ஆனிலேயே இருந்திருக்கிறது. போன் அவர் காதில், பேச்சோ ஆணியில். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டார் இருந்ததால் சமாளித்தார்கள்.

அதோடும் விடவில்லை. பள்ளி விடுமுறைக்கு வந்த அக்கா மகன் அதைத் தன் போனில் போட்டுப் பாட்டுக் கேட்டிருக்கிறான். அப்புறம் அப்பா போனில் சேரவே இல்லை. வயர் ஹெட்செட்டில் இந்த வம்பு உண்டா? சொருகினால் கேட்கும், பிடுங்கினால் போனில் கேட்கும்.

செல்கடைக்காரன்:
சார், அம்மா நலம்தானே? அதுதான் முக்கியம்.

கும்பகோணத்தில் 11 வருடமாகச் செல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ப்ளூடூத் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலானோரின் ஹெட்செட் நன்றாகத்தான் இருக்கும். பேரிங் வேறு, கனெக்ட் ஆவது வேறு என்பதை வாங்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை. பேரிங் என்பது ஒரு தடவை நடக்கும் அறிமுகம். போனும் ஹெட்செட்டும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ஆன் செய்ததும் அந்தச் சாவியை ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நெக்பேண்ட் ஆன் ஆனதும் கடைசியாகச் சேர்ந்த போனைத்தான் முதலில் தேடும். அது உங்கள் அக்கா மகன் போன். பையன் வீட்டில் இருக்கும்வரை அதனிடமே போயிருக்கும். அவன் ஊருக்குப் போன பிறகும் சேரவில்லை என்றால், யாரோ ஒரு பக்கம் மட்டும் அழித்திருக்கிறார்கள். ஒன்றிடம் சாவி இருக்கும், இன்னொன்றிடம் இருக்காது. அப்போது எத்தனை தடவை தொட்டாலும் சேராது.

இப்படிச் செய்து பாருங்கள். அப்பா போனில் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய், நெக்பேண்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு 'மற' என்று கொடுங்கள். பையன் போனிலும் அதேபோல. பிறகு நெக்பேண்டை அணைத்துவிட்டு, பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஆன் ஆனதும் கையை எடுத்துவிடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும்வரை பிடிக்க வேண்டும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் இதுதான் முறை. அப்புறம் புதிதாகத் தேடிச் சேருங்கள்.

வல்லத்தான்:
நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் படித்துப் பாருங்கள், எத்தனை படி! ஒரே பட்டனைக் கொஞ்சம் அழுத்தினால் ஆன், நிறைய அழுத்தினால் பேரிங், இரண்டு தடவை தட்டினால் கடைசியாகப் பேசியவருக்கு அழைப்பு. என்ன நடக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது. அது 'கனெக்டட்' என்கிறதா 'டிஸ்கனெக்டட்' என்கிறதா என்று காது மந்தமானவருக்கு எப்படித் தெரியும்? கடலைக்காட்டில் நிற்கிறவர் வெயிலில் அந்த விளக்கைப் பார்க்க முடியுமா? மனிதர்மேல் குற்றம் சொல்லாதீர்கள். பொருளைச் செய்தவர்கள் அப்பா மாதிரி ஆட்களை நினைத்தே செய்யவில்லை.

ஊசிநூல்:
அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் "வாங்கிக் கொடுக்காதீர்கள்" என்று எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

எனக்கு வயது 54. தையல்தான் பிழைப்பு. வயர் ஹெட்செட் போட்டுக்கொண்டு தைத்தபோது ஒரு நாள் வயர் மிஷின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஒரு இழுப்பு, காதிலிருந்து பிடுங்கி, போனும் மேசையிலிருந்து விழுந்து திரை விரிசல் விட்டது. என் துப்பட்டா சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். அதற்கப்புறம் மகள் நெக்பேண்ட் வாங்கித் தந்தாள். இரண்டரை வருடம் ஆகிறது. துணி வெட்டிக்கொண்டே துபாயில் இருக்கும் தம்பியோடு அரை மணி நேரம் பேசுகிறேன். கை இரண்டும் வேலையில் இருக்கும்.

முதல் வாரம் எனக்கும் தகராறுதான். மகள் ஒரு காரியம் செய்தாள். பட்டன்மேல் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைத்தாள். "அம்மா, இதை மட்டும் தொடு, பேசி முடித்ததும் அணைத்துவிடு, மற்றதை மறந்துவிடு" என்றாள். அவ்வளவுதான். ஆணியில் மாட்டும்போது அணைத்து மாட்டுவது அடுப்பை அணைப்பது போல ஒரு பழக்கம், அண்ணா.

கணக்கு_டீச்சர்:
நான் வல்லத்தான் பக்கம். பேரிங் சரியாக ஆன பிறகும் தொல்லை தீர்வதில்லை. என் ப்ளூடூத் இயர்பட்ஸில் பாட்டுக் கேட்டால் அருமையாக இருக்கிறது. அதே இயர்பட்ஸில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுகின்றன. பிள்ளைகள் "பதினேழா, பதினைந்தா மிஸ்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கணக்குப் பாடத்தில் எண்ணே விளங்காவிட்டால் என்ன நடத்துவது? 250 ரூபாய் வயர் மைக்கில் அந்தக் குறை இல்லை.

செல்கடைக்காரன்:
டீச்சர், நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. பாட்டுக்கு ப்ளூடூத் ஒரு வழியைப் பயன்படுத்துகிறது. அதில் ஸ்டீரியோ ஒலி ஹெட்செட்டுக்கு மட்டும் போகும், திரும்பி எதுவும் வராது. மைக் ஆன் ஆனதும் பேச்சுக்கான இன்னொரு வழிக்கு மாறிவிடும். அது இரண்டு பக்கமும் ஒலியைக் கொண்டுபோக வேண்டும், அதனால் தரம் குறையும். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்பும். பின்னால் வந்த அகலக் குரல் முறையில் 16,000 தடவை, அதனால் குரல் தெளிவாக இருக்கும். போன், ஹெட்செட் இரண்டும் அகல முறையை ஏற்றால்தான் அது கிடைக்கும். வகுப்பு எடுக்கும்போது காதுக்கு இயர்பட்ஸ் இருக்கட்டும், மைக்கை மட்டும் போனின் மைக்குக்கு மாற்றிப் பாருங்கள். சில ஆப்களில் அந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் வகுப்புக்கு வயரே நல்லது, அதில் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் வயர் சொர்க்கம் என்பதை ஒப்பமாட்டேன். என் கடை மேசையில் தினமும் ஜாக் கழுத்தில் அறுந்த வயர்கள் குவிகின்றன. 2016-இல் ஐபோன் 7 வயர் ஹெட்செட் சொருகும் ஓட்டையையே எடுத்தது. பிறகு பல ஆண்ட்ராய்டு போன்களும் எடுத்துவிட்டன. நாளை புதுப் போன் வாங்கினால் அப்பா எதில் சொருகுவார்? ப்ளூடூத்தும் அப்படியே தேங்கி நிற்கவில்லை. முன்பு 0000 மாதிரி ஒரு எண் தட்டினால்தான் ஹெட்செட் சேரும். 2007-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து அது தேவையில்லாமல் போனது.

வல்லத்தான்:
எதில் சொருகுவார் என்று கேட்டீர்கள். அதனால்தான் ஓட்டை உள்ள போனாகப் பார்த்து வாங்குகிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். அப்பா தினமும் போனில் திருச்சி வானொலி எப்.எம். கேட்பார். அதற்கு வயர் சொருகியே ஆகவேண்டும், வயர்தான் ஏரியல். நெக்பேண்ட் வந்த பிறகு ஒரு மாதம் வானொலி கேட்காமல் இருந்திருக்கிறார், காரணம் தெரியாமல். எனக்குச் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

செல்கடைக்காரன்:
இதை நான் யோசிக்கவில்லை சார். உங்கள் பக்கம் இது வலுவான காரணம்தான். அப்படியென்றால் இரண்டும் இருக்கட்டும். வானொலிக்கு வயர், பேச்சுக்கு நெக்பேண்ட்.

ஆணி விஷயத்துக்கும் ஒரு வழி உண்டு. அழைப்பு வந்து சத்தம் கேட்கவில்லை என்றால், பேசும் திரையிலேயே ப்ளூடூத் குறி இருக்கும். அதைத் தொட்டு 'போன்' என்று மாற்றினால் பேச்சு காதுக்கே திரும்பிவிடும். இதை மட்டும் அவருக்கு ஐந்து தடவை செய்யவைத்துப் பழக்குங்கள்.

ஊசிநூல்:
போனை எந்தப் பையில் வைக்கிறார் என்றும் பாருங்கள் அண்ணா. நான் போனை இடுப்பில் பின்பக்கம் செருகினால் குரல் விட்டு விட்டு வரும். முன்னால் மேசைமேல் வைத்தால் சரியாகிவிடும்.

செல்கடைக்காரன்:
அக்கா சொல்வது சரி. ப்ளூடூத்தும் பல வைஃபைகளும் ஓடுவது ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நெரிசலைத் தவிர்க்க ப்ளூடூத் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1,600 தடவை வரை தாவும். ஆனால் நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும், தாவி அதைத் தப்ப முடியாது. உடம்பு குறுக்கே வராத பையில் வைக்கச் சொல்லுங்கள்.

வல்லத்தான்:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன். இரண்டு போனிலும் 'மற' கொடுத்து, சிவப்பு நீலம் மின்னும்வரை பிடித்து, அப்பா போனில் மட்டும் சேர்த்தேன். முதல் தடவையிலேயே சேர்ந்தது. பட்டன்மேல் அம்மா குங்குமம் வைத்தார், அழிந்துவிடும் என்றதும் நகப்பாலிஷ் வாங்கிவந்தோம். பேசும் திரையில் மாற்றுவதை அப்பா இரண்டு தடவை சரியாகச் செய்தார், மூன்றாவது தடவை தவறிப்போய் அழைப்பையே துண்டித்துவிட்டார். இன்னும் பழக வேண்டும்.

வயரைப் போனோடு சொருகி, சட்டைப்பையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவசரத்துக்கு அதுதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. நேற்று மாலை நெக்பேண்டில் கூப்பிட்டார். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே பத்து நிமிடம் பேசினார், ஒரு சொல்கூட விடாமல் கேட்டது.