புதுப்பிப்பு: பண்டியன் வழியை எப்படி அடையாளம் கண்டார்கள்

கோசியுஸ்கோ மலையிலிருந்து ஈடன் கடற்கரைக்குப் போகும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் பழைய நடைவழியான ‘பண்டியன் வழி’யைப் பற்றிப் போன பதிவில் எழுதியதும், ‘இதுதான் பாதை என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டிருந்தீர்கள். முதியவர்கள் சொன்னதைப் பழைய நில அளவையாளர்களின் வரைபடங்களோடு ஒப்பிட்டு, அப்புறம் ஸ்னோயி ஆற்றுப் பக்கத்துக் கரடுமுரடான சரிவுகளிலும் நடந்தே பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய வந்தேறிகளுக்கு வழி காட்டியதே பூர்வகுடிகள்தானே, அதனால் அந்த வந்தேறிகள் மாடு ஓட்டிய தடங்களும் துப்பாக உதவின. மொத்தம் சுமார் 365 கி.மீ.

இவ்வளவு தூரம் ஏன்? கோடையில் மலைப்பாறை இடுக்குகளில் செதில் செதிலாக அப்பிக் கிடக்கும் போகாங் அந்துப்பூச்சிகளைச் சூடான சாம்பலில் வாட்டித் தின்ன. கடலோரத்தில் திமிங்கல விருந்து. (எனக்கு அந்துப்பூச்சி வேண்டாம், சாமி.) 2013-ல் இந்த வழியை நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.