சிம்பல் ரேட்: ‘அசை வீதம்’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இன்னதென்று தெரியாத எண்ணிம வானொலி அலைகளை இனங்காண்பதற்கு நாம் தொகுத்துவரும் கையேட்டில், சிம்பல் ரேட் என்பதற்கு நேராகக் ‘குறியீட்டு வீதம்’ என்று எழுதியிருக்கிறோம். (அலை ஒரு தடவையில் ஏற்கும் ஒரு நிலையே சிம்பல். நொடிக்கு எத்தனை சிம்பல் என்பது சிம்பல் ரேட்.) அதை மாற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். அலைவாங்கியின் முன் உட்காரும் தொடக்கநிலை ஆர்வலருக்கு அந்தச் சொல் எதை அளக்க வேண்டும் என்பதைக் காட்டவில்லை.

கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ், வாக்கி டாக்கிகளில் பரவலாக வழங்கும் டிஎம்ஆர் ஆகிய இரண்டும் நொடிக்கு 9,600 பிட் அனுப்புகின்றன. ஏஐஎஸ் அலையில் ஒரு சிம்பல் ஒரே ஒரு பிட்டைச் சுமக்கிறது. ஆகவே சிம்பல்களும் நொடிக்கு 9,600. டிஎம்ஆர் நான்கு அதிர்வெண் நிலைகளைக் கையாள்வதால் ஒரு சிம்பலில் இரண்டு பிட் அடங்கிவிடுகின்றன. அங்கே சிம்பல்கள் நொடிக்கு 4,800 மட்டுமே. நம் கையில் நேரடியாக அகப்படுவது இந்தப் பின்னைய எண்தான்: பண்பிறக்கிய (அதாவது, ஏற்றப்பட்ட தகவலை மட்டும் பிரித்தெடுத்த) அலையில் நேரும் ஏற்ற இறக்கங்களை இருமடியாக்கி அதன் நிறமாலையை வரைந்தால், டிஎம்ஆருக்கு 4,800 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை எழுந்து நிற்கும். பிட் வீதம் அப்படி அளந்து கிடைப்பதன்று. நிலைகள் எத்தனை என்று கண்டறிந்த பிறகு பெருக்கிப் பெறுவது. அட்டவணையில் ‘வேகம் 9,600’ என்று மட்டும் எழுதிவைத்தால், அலைவாங்கியில் 4,800ஐக் கண்டவர் டிஎம்ஆரை அதில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

‘குறியீட்டு வீதம்’ என்ற சொல்லோ ஏற்கெனவே இரண்டு சுமை சுமக்கிறது. பிழைதிருத்தத்தில் மூன்று பிட் செய்திக்கு நான்கு பிட் அனுப்பினால் வரும் 3/4 என்னும் கோட் ரேட்டைத் தமிழில் எழுதப் புகுந்தாலும் இதே சொல்தான் வந்து நிற்கிறது. ஒன்று நொடிக் கணக்கு, மற்றது வெறும் பின்னம். இரண்டும் ஒரே பக்கத்தில் வரக்கூடியவை.

ஆகவே சிம்பலை ‘அசை’ என்றும், சிம்பல் ரேட்டை ‘அசை வீதம்’ என்றும் வழங்கலாம் என்று கருதுகிறேன். யாப்பில் எழுத்து தனித்தோ இணைந்தோ அசையாகிறது; ஓரசையில் ஓரெழுத்தும் வரலாம், ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளும் வரலாம். ஏஐஎஸ்ஸையும் டிஎம்ஆரையும் பிரிப்பது இந்த வேறுபாடே. அதிர்வெண் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு அசைகிறது என்னும் வினைப்பொருளும் உடன் கிடைக்கிறது. நொடிக்கு ஒரு சிம்பல் என்பதைக் குறிக்கும் பாட் என்னும் அலகை நான் தொடவில்லை. அது பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் வந்தது. ஹெர்ட்ஸைப் போல அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.

---

மதிப்பிற்குரிய ஐயா,

குறியீட்டு வீதத்தில் குழப்பம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஆங்கிலக் ‘கோட்’ என்பதற்குக் ‘குறிமுறை’ என்ற சொல் கணினித் தமிழில் உண்டு. அதைக் கண்டிப்பாகப் பின்பற்றினாலே குழப்பம் தீரும். ‘அசை’யில் எனக்கு இரண்டு தடைகள் தோன்றுகின்றன. அசைதல் என்றதும் பொதுவாசகர் மனத்தில் அதிர்வே தோன்றும். ‘அசை வீதம்’ என்பதை அதிர்வெண் என்று படித்துவிடுவார். அடுத்து, மொழியியலில் அசை என்பது பேச்சின் கூறு. குரலைச் சுமக்கும் அலைகளைப் பற்றிய கையேட்டில், நொடிக்கு எத்தனை அசை பேசப்படுகிறது என்று பொருள் கொள்ள இடமாகும். யாப்பிலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் ‘மாத்திரை’ கால அளவைச் சுட்டுவதால் இன்னும் பொருத்தமாக இருக்குமே? (மருந்துக்கடை நினைவுக்கு வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

---

அம்மா, வணக்கம்.

இரண்டாம் தடைக்கு முதலில் விடை சொல்கிறேன். டிஎம்ஆரிலும், அதைப் போன்ற இன்னோர் எண்ணிம வாக்கி டாக்கி முறையான பி25இலும் குரலைச் சுருக்கும் கருவி பேச்சசையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டிக்கொண்டு போகிறது. ஆகவே பேச்சசையை எண்ண வேண்டிய இடம் இந்தக் கையேட்டில் எங்கும் வரப்போவதில்லை.

குறிமுறை, குறியீடு என்னும் இரண்டையும் கண்டிப்பாகப் பிரித்தாள்வது எழுதுபவரால் முடியும். அட்டவணையில் விரைந்து தேடுபவருக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு சொற்கள் அடுத்தடுத்து நிற்பது இடையூறே. மாத்திரையை நான் தவிர்த்ததற்குக் காரணம், அது காலத்தின் பெயர். நமக்கு வேண்டியது அந்தக் காலத்தை நிரப்பும் பொருளின் பெயர். 4,800 பாட்டில் ஓர் அசை ஏறத்தாழ 208 மைக்ரோநொடி நீள்கிறது. இந்த நீளத்தை ‘அசை நேரம்’ என்றாலே போதும்.

‘அசை’ கைகொடுக்கும் இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். பி25இன் முதல் கட்ட முறையும் டிஎம்ஆரும் 12.5 கிலோஹெர்ட்ஸ் தடத்தில், அதே 4,800 பாட்டில், அதே நான்கு நிலைகளில் இயங்குகின்றன. நான்கில் மேல் கீழ் ஓரங்களில் உள்ள வெளி நிலைகள் இரண்டும் நடு அதிர்வெண்ணிலிருந்து விலகும் அளவு முன்னதில் 1,800 ஹெர்ட்ஸ், பின்னதில் 1,944 ஹெர்ட்ஸ் என்பதால், தொலைவிலிருந்து வரும் நலிந்த அலையில் அதை வைத்துத் தீர்மானிப்பது கடினம். கையடக்க டிஎம்ஆர் கருவி 30 மில்லிநொடி ஒலிபரப்பி 30 மில்லிநொடி ஓய்வதை அருவிப்படத்தில் (அதிர்வெண்களை நேரப்படி வரிவரியாகக் காட்டும் திரைப்படத்தில்) காணலாம் என்றாலும், மறுஒலிபரப்பு நிலையம் இடைவிடாமல் அனுப்புவதால் அந்த அடையாளமும் மறைந்துவிடும். இறுதியில் பிரித்துக் காட்டுவது 48 பிட் நீளமுள்ள ஒத்திசைவுச் சொல்தான் (வாங்கும் கருவி நேரத்தைப் பொருத்திக்கொள்ள அனுப்பப்படும் மாறாத பிட் வரிசை). அதை 24 அசைகள் என்று எழுதினால் அதன் அமைப்பு உடனே விளங்கும்: இரு முறைகளிலும் அந்த 24 அசைகளில் உள்நிலை அசை ஒன்றுகூட வராது, வெளிநிலை அசைகள் இரண்டு மட்டுமே வெவ்வேறு ஒழுங்கில் மாறி வரும். செய்தி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் ஒத்திசைவுச் சொல் திறந்தேதான் இருக்கும் என்பதால், உள்ளடக்கத்தைத் தொடாமலேயே முறையை இனங்காணலாம்.

அதிர்வெண்ணோடு மயங்கும் என்ற தங்கள் முதல் தடை வலுவானதே. அதற்காக, ‘அசை வீதம்’ வரும் இடங்களில் எல்லாம் பாட் என்னும் அலகைத் தவறாமல் சேர்த்தெழுதவும், ‘அசைவு வீதம்’ என்ற வடிவத்தை விலக்கவும் பரிந்துரைக்கிறேன். ஃபிரேமுக்கு ‘அடி’ என்று யாரேனும் தொடர விரும்பினால் அதை ஆதரிக்க மாட்டேன். ‘சட்டகம்’ நன்றாகவே வழங்குகிறது.

டெட்ரா என்னும் இன்னோர் எண்ணிம வாக்கி டாக்கி முறைக்கான பதிவை இவ்வாறு மாற்றி இணைத்துள்ளேன், திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்: “தட அகலம் 25 கிலோஹெர்ட்ஸ், அசை வீதம் 18,000 பாட், அசைக்கு 2 பிட், பிட் வீதம் நொடிக்கு 36,000, பண்பேற்றம் கட்டப் பெயர்ச்சி (ஃபேஸ் ஷிஃப்ட்), ஒரு சட்டகத்தில் நான்கு நேரத்துண்டுகள்.”

அன்புடன்.