காருல பட்டி பார்த்த இடத்துலயே மறுபடி துரு, அவசரம், உதவுங்க

கடலோரக்காரன்:
போன மழைக்கு முன்னாடிதான் காருக்கு டிங்கரிங் பார்த்து, பட்டி (பள்ளம் நிரப்பற பேஸ்ட்) போட்டு பெயிண்ட் அடிச்சோம். இப்ப அதே இடத்துல கொப்புளம் கொப்புளமா கிளம்பியிருக்கு. நகத்தால நோண்டினா பட்டி பாளமா பேந்து வருது, உள்ள ஒரே சிவப்பு. பட்டறைக்காரர் போன எடுக்க மாட்டேங்காரு. எஃப்சி (தகுதிச் சான்று) வேற வருது. துரு மேல அடிக்கற கெமிக்கல், துரு கன்வெர்ட்டர்னு விக்காங்களே, அத அடிச்சா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பேனர்13:
என்ன வண்டி? எந்த வருசம்? கதவா, டிக்கியா, கதவுக்கு அடியில வர்ற ரன்னிங் போர்டா? போட்டோ எங்க?

சேலம் டீசல்:
கன்வெர்ட்டரே போதும் தலைவா. எங்க வீட்டு கேட்டுக்கு அடிச்சேன், கருப்பா மாறி கல்லு மாதிரி நிக்குது.

ஸ்பேனர்13:
கேட்டுல எல்லாப் பக்கமும் பிரஷ் போகும். வண்டி பாடி உள்கூடு, உள்பக்கத் துருவுக்கு யார் அடிக்கறது? கன்வெர்ட்டர் மேலாப்புல இருக்கற துருவுக்குத்தான். ஓட்டை விழுந்த தகரத்த அது திரும்பக் கொண்டு வராது.

தகரவித்தகர்:
நண்பரே, இதே கேள்விக்கு ஏற்கெனவே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். ரெட் ஆக்சைடு பிரைமரும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. துருவின் மேல் இவ்விரண்டையும் பூசி மேலே பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்பது அடிப்படை. குறைந்த கூலி கேட்டவரிடம் கொடுத்திருப்பீர்கள்.

கோவை ரிட்டர்ன்ஸ்:
அண்ணே, அவரு வழி கேக்கறாரு, நீங்க மார்க் போடறீங்க. 😄

கடலோரக்காரன்:
பழைய மாருதி ஜென். தூத்துக்குடி. பின் வீல் ஆர்ச் ரெண்டு பக்கமும், டிரைவர் பக்கம் ரன்னிங் போர்டும். போட்டோ ஏறல.

நெல்லைப் பட்டறை:
தூத்துக்குடின்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. உப்புக்காத்து, போதாததுக்கு உப்பு லாரி ஒழுக்கிட்டுப் போற ரோடு. சரி, காசு செலவில்லாம மொதல்ல இதப் பாருங்க. சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி அந்த இடத்துல வையுங்க. ஒட்டலைன்னா அங்க தகரம் இல்ல, வெறும் பட்டி. ரன்னிங் போர்டை அடியில ஸ்க்ரூடிரைவரால குத்துங்க, உள்ள போச்சுன்னா வெட்டித்தான் ஆகணும். ஜாக்கி வைக்கற இடத்துல கண்டிப்பா குத்திப் பாருங்க, அங்க நெளிஞ்சா ஜாக்கி போட்டு வண்டிய தூக்காதீங்க. கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்க, ஈரம் இருக்கா?

அப்புறம் அடியில தண்ணி வடியற டிரெயின் ஓட்டை இருக்கும், அதத் தேடுங்க. நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி மட்ட வேலையில, பட்டியோ, வண்டிக்கு அடியில பூசற அண்டர்கோட்டிங்கோ போய் அத அடைச்சிருக்கும். தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளருந்தே அரிக்கும். மேல எத்தனை தடவ பெயிண்ட் அடிச்சாலும் இதே கததான்.

ஸ்பேனர்13:
போன தடவ வெல்டிங் வச்சாங்களா இல்லையா? கேஸ் வெல்டிங்கா, சிஓ2 வெல்டிங்கா?

சேலம் டீசல்:
எதுக்கு இவ்ளோ செலவு? வேஸ்ட் ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில ஸ்ப்ரே பண்ணுங்க. எங்கப்பா அம்பாசடருக்கு வருசா வருசம் அதான்.

கோவை ரிட்டர்ன்ஸ்:
புஷ் ரப்பரெல்லாம் உப்பிப் போயிருமே?

சேலம் டீசல்:
எங்களுக்குப் போகல.

தகரவித்தகர்:
போகாததல்ல, கவனிக்காதது. அந்த எண்ணெய் தரையில் சொட்டி மண்ணுக்குள் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் டீசல்:
உங்க வண்டி மழையிலயாவது நனைஞ்சிருக்கா சார்? கவர் போட்டே வச்சிருக்கறவங்கதான் துருவப் பத்தி அதிகம் பேசறாங்க.

நெல்லைப் பட்டறை:
ஆயில் சண்டைய தனியா வச்சுக்கோங்கப்பா. அண்ணாச்சி, பட்டறையில இத கேளுங்க: துரு ஏறினத நல்ல தகரம் தெரியற வரைக்கும் வெட்டணும், புது ஷீட்ட சிஓ2வுல புள்ளி புள்ளியா வைக்கணும். கேஸ் வச்சா சூட்டுல ஷீட் நெளியும், நெளிவ மறைக்க மறுபடி பட்டி அப்புவான். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி வயர கழட்டச் சொல்லுங்க, பின் வீல் பக்கம்னா பெட்ரோல் டேங்க் ஞாபகம் இருக்கட்டும். ஈரம் தடுக்கற அடிப்பூச்சு, எபாக்ஸி பிரைமர், அது மேலதான் பட்டி வரணும், அதுவும் லேசா. ஜாயிண்டுக்கு சீலர். கடைசியா ரன்னிங் போர்டு உள்ள மெழுகு ஸ்ப்ரே, இத யாரும் செய்யறதில்ல, நீங்க நின்னு அடிக்க வையுங்க. பெயிண்டுக்கு முன்னாடி ஒருதடவ போய் வெறும் தகரத்த போட்டோ எடுத்துக்கோங்க.

ஸ்பேனர்13:
தனி வண்டிக்கு 15 வருசம் முடிஞ்சு ஆர்சி ரினீவல்தான எஃப்சிங்கறீங்க? தேதி எப்ப?

கோவை ரிட்டர்ன்ஸ்:
ஆள் எஸ்கேப் போல.

கடலோரக்காரன்:
காந்தம் ஒட்டல. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் போயிட்டு. டிரெயின் ஓட்டைய காணவே இல்ல, அண்டர்கோட்டிங்க சுரண்டினதும் ஒரு சொம்பு தண்ணி வந்துச்சு. வேற பட்டறையில விட்டாச்சு, ரெண்டு பக்கமும் வெட்டுதாங்க. நன்றி அண்ணாச்சி.

ஸ்பேனர்13:
எவ்ளோ கேட்டாங்க? எந்த பட்டறை? எனக்கும் ஒரு ஓம்னி இருக்கு.

சேலம் டீசல்:
வெட்டி முடிச்சதும் அடியில ஆயில் அடிச்சிருங்க.