ஓவர்லாக் தோள்வலிக்கு அக்குபஞ்சர்: முதல் தடவை போகிறேன், என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

பனியன்_அக்கா (திருப்பூர்)

வணக்கம்ங்க. வயது 43. பனியன் கம்பெனியில் 16 வருடமாக ஓவர்லாக் (துணி ஓரம் அடிக்கிற மெஷின்) டைலர். ஒன்றரை சிப்ட் ஓட்டினால் வலது தோளிலிருந்து கழுத்து வரை கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், கழுத்து எலும்பு லேசாகத் தேய்ந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்டால் வலி குறைகிறது, வயிறு எரிகிறது. சுகருக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை போடுகிறேன்.

லைன் வீட்டில் இருக்கிற அக்கா அக்குபஞ்சர் போகச் சொல்கிறார். எங்கள் ஏரியாவில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்றில் ஊசி குத்தி அரை மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். இன்னொன்றில் ஊசியே கிடையாது. நாடி பார்த்து, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போனால் இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்த வேண்டுமாம். ஞாயிறு லீவு. எங்கே போவது? ஊசி வலிக்குமா? எத்தனை தடவை?

சும்மா_ஒருவன்

வலிக்காதுங்க அக்கா. கொசுக்கடிதான். தைரியமாகப் போங்க.

ஸ்டியரிங்_52 (ஈரோடு)

தம்பி சொன்ன கொசுக்கடி பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன், இடுப்பு வலிக்கு 10 தடவை குத்திக்கொண்டவன்.

முதல் நாள் காலை டிரிப் முடித்து, வெறும் டீயோடு போனேன். நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் இரண்டு, கையில் இரண்டு என்று குத்தினார். நாலாவது ஊசியில் காதுக்குள் கொய்யென்று சத்தம், சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன், கால் இரண்டும் ஸ்டூல் மேல். ஊசியை எல்லாம் எடுத்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். வெறும் வயிற்றில் வந்தால் இப்படித்தான், முதல் தடவை உங்களைப் படுக்க வைத்திருக்க வேண்டும், என் தப்பும் இருக்கிறது என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மறுபடி போனேன்.

அதனால் அக்கா, இட்லியோ சோறோ அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். படுத்துக்கொண்டு குத்திக்கொள்கிறேன் என்று கேளுங்கள். முடிந்த கையோடு வண்டி ஓட்டாதீர்கள். இரண்டாம் தடவை நான் அப்படிக் கிளம்பி, பெருந்துறை ரோட்டில் கண் சொருகி, ஓரங்கட்டித் தூங்கிவிட்டேன்.

வலி எப்படி இருக்கும் என்றால், ஆஸ்பத்திரி ஊசி மாதிரி உள்ளே மருந்து போகிற ஓட்டை இதில் இல்லை. கால் மில்லிமீட்டர் தடிமன், மூன்று நாலு தலைமுடி சேர்த்த மாதிரி. தோலில் இறங்கும்போது சுருக். அப்புறம் அவர் லேசாகத் திருகுவார். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் ஒன்று போட்டுத் திருகியபோது, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு கனம் கெண்டைக்கால் வழியாகக் குதிகால் வரைக்கும் இறங்கியது. அது பரவாயில்லை. வெட்டுகிற மாதிரியோ ஷாக் அடித்த மாதிரியோ இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

முதல் நாலு தடவை ஒரு பலனும் தெரியவில்லை. ஆறாவது தடவைக்கு அப்புறம் ராத்திரி புரண்டு படுக்க முடிந்தது. முழுசாகப் போகவில்லை, பாதி குறைந்தது. தடவைக்கு 300 ரூபாய்.

இனி அந்தத் தொடுகிற இடம். என் மாமனார் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். முட்டி வலிக்குத்தான் அப்படி ஒரு இடத்துக்குப் போனார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டார். நாலாம் நாளிலிருந்து தாகம், ராத்திரி ஏழெட்டுத் தடவை ஒன்றுக்கு. போன் போட்டுக் கேட்டால், கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். வீட்டில் எல்லோரும் நம்பினோம், நானும்தான். பன்னிரண்டாம் நாள் வாந்தி எடுத்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் சுகர் 500ஐத் தாண்டி நிற்கிறது. நாலு நாள் ஐசியூ. மனுஷன் பிழைத்துவிட்டார், முட்டி இன்னும் வலிக்கிறது. ஊசியோ விரலோ, எது வேண்டுமானாலும் பாருங்கள். மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்கிற வாயைப் பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஓய்வு_சிஸ்டர் (சேலம்)

டிரைவர் தம்பி சொன்ன கடைசி வரியை அப்படியே வழிமொழிகிறேன். இன்சுலினைத் திடீரென்று நிறுத்தி வந்த கேஸ்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள் அம்மா. கொதிக்க வைத்தது, ஸ்பிரிட்டில் ஊறவைத்தது என்று தட்டில் எடுத்து வந்தால் வேண்டாம். ஒரு ஊசி ஒரு ஆளுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். எத்தனை போட்டார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் ஊசியில் கிளிப் மாட்டி லேசாகக் கரண்ட் விடுவார்கள், பேஸ்மேக்கர்காரர்களுக்கு அதை மாட்டவே கூடாது.

உங்களுக்குத் தோள் என்பதால் ஒன்று. தோள்மேட்டுக்கு அடியில்தான் நுரையீரலின் நுனி இருக்கிறது. ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக அதில் ஓட்டை விழும். அன்றோ மறுநாளோ நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால், சரியாகிவிடும் என்று படுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கை மரத்துப்போகிறதா, பிடிமானம் குறைகிறதா? அப்படி இருந்தால் ஊசிக்கு முன்னால் டாக்டர்.

பிசியோ_பையன்

ஜெர்மனியில் இடுப்பு வலிக்கு 1,162 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். முறைப்படி புள்ளி பார்த்துக் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்து முன்னேற்றம். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4. ஆக, ஊசி வைத்துக்கொண்டவர்களுக்குக் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் எந்தப் புள்ளி என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அக்கா, அதோடு மெஷின் ஸ்டூல் உயரத்தையும் பாருங்கள். தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தால் எந்த ஊசியும் தாங்காது.

ஸ்டியரிங்_52

அப்போ என் 3,000 ரூபாய்க்கு எங்கே வேண்டுமானாலும் குத்தியிருக்கலாம் என்கிறீர்கள். சரி விடுங்கள், தூக்கம் வந்ததே.

பனியன்_அக்கா

எல்லோருக்கும் நன்றிங்க. கை மரத்துப்போவது, பிடிமானம் எல்லாம் இல்லை சிஸ்டர். ஞாயிறு மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு ஊசி போடுகிற இடத்துக்கே போனேன். மெட்ஃபார்மின் பற்றிச் சொன்னதும், அதை அப்படியே போடுங்கள், சுகர் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள் என்றார். பாக்கெட்டைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே காட்டிப் பிரித்தார். அந்த ஊசி தடிமனில் எங்கள் 11ஆம் நம்பர் மெஷின் ஊசியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மெஷின் ஊசியே விரலில் இறங்கிய ஆளுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

வலி குறைந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தோளில் நாவல்பழம் அளவுக்கு ஒரு நீலம் கட்டியிருக்கிறது, கொஞ்ச நாளில் போய்விடும் என்றார். ஆனால் சிஸ்டர் சொன்னபடி எண்ணினேன், பீஸ் எண்ணிப் பழகிய ஆள் இல்லையா. போட்டது 9. எடுத்து டப்பாவில் போட்டது 8. ஒன்று குறைகிறதுங்க என்றேன். இருக்காதே என்றவர், டப்பாவைப் பார்த்துவிட்டு என் கொண்டையை ஒதுக்கினார். பிடரி முடிக்குள் நின்றுகொண்டிருந்தது.