பொருள்: "மூலமொழி தெரியாமல் பேசாதே" என்ற வாதத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சமயவியல் சொற்பட்டியலில் நிரம்பாமல் நிற்கும் ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன். ஒருவர் ஒரு மறைநூலை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, "இந்த இடம் எனக்கு நியாயமாகப் படவில்லை" என்கிறார். உடனே, "உங்களுக்கு எபிரேயம் தெரியுமா? அரபு தெரியுமா? சமஸ்கிருதம் தெரியுமா?" என்ற கேள்வி வருகிறது. தெரியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கே ஒரு கூட்டத்தில் இது நடந்தது. நான் கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இந்த மறுப்புக்குத் தமிழில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அது புதிதாக, தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம்போலத் தோன்றுகிறது. பெயர் வைத்துவிட்டால் அதை எடுத்து மேசைமேல் வைத்து, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று நிதானமாகப் பார்க்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி முதலில்.

> மூலமொழிவாதம்

"மூலமொழி" மொழிபெயர்ப்பியலில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சொல்: எந்த மொழியிலிருந்து பெயர்க்கிறோமோ அது மூலமொழி, எந்த மொழிக்குப் பெயர்க்கிறோமோ அது இலக்குமொழி. மொழியியலில் மூலத்திராவிடம் என்றால் வேறு பொருள், திராவிட மொழிகளுக்கெல்லாம் பொதுவான முன்னோடி மொழி. அதோடு "வாதம்" என்று முடிந்தால் ஏதோ ஒரு கொள்கை அல்லது இயக்கத்தின் பெயர்போலக் காதில் விழும் ஆபத்தும் இருக்கிறது. முன்னொட்டைச் சரிசெய்தால் பின்னொட்டை வைத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

> மொழித்தடை

இது மொழி புரியாததால் வரும் இடைஞ்சலுக்கு வழங்கிவரும் சொல். நாம் பேசுவது இடைஞ்சலைப் பற்றி அல்ல, ஒருவரின் உரிமையை மறுப்பதைப் பற்றி.

> மறைமொழி (மறைநூலின் முதல் மொழி என்ற பொருளில்)

அழகான சொல். ஆனால் ஐயா, இதற்கு ஏற்கெனவே பொருள் உண்டு. "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்று தொல்காப்பியம் சொல்கிறது. குறளிலும் 28ஆம் பாட்டில் அதே சொல் வருகிறது. மந்திரத்தில் ஒலியே உயிர். ஒலியை மாற்றினால் அது மந்திரமாக நிற்காது. மறைநூலின் மொழிக்கு மறைமொழி என்று பெயர் வைத்தால், மொழியையும் நூலையும் பிரிக்க முடியாது என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். விவாதிக்க வேண்டிய முடிவைச் சொல்லுக்குள் முன்கூட்டியே பொதிந்துவைக்கக் கூடாது.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். அதே தொல்காப்பியத்தின் மரபியலில்தான் எனக்கு வழி கிடைத்தது. அங்கே முதல்நூல், அதன் வழியே வரும் வழிநூல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. "வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூல் ஆகும்" என்பது முதல்நூலின் இலக்கணம்; வினையிலிருந்து நீங்கிய, தெளிந்த அறிவுடைய முதல்வன் கண்டது என்று பொருள். மறைநூல்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் ஏறக்குறைய இதுதான். வழிநூலின் நான்கு வகைகளில் ஒன்று "மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்". அதாவது மொழிபெயர்ப்பும் ஒரு நூல்வகை, அதற்கும் ஒரு நெறி உண்டு. அதை வெறும் நிழலென்று நம் இலக்கணம் ஒதுக்கவில்லை. ஆகவே மறைநூல் முதலில் எழுந்த மொழிக்கு முதல்நூல்மொழி என்று சொல்லலாம். "முதன்மொழி" என்று சுருக்க வேண்டாம். அது தாய்மொழி, உலக முதல்மொழி என்று வேறு விவாதங்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

வாதத்துக்கு மொழித்தகுதி வாதம். "தகுதி" என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்தேன். இந்த வாதம் நூலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, பேசுகிறவரின் தகுதியைப் பற்றித்தான் சொல்கிறது. அது பெயரிலேயே தெரிய வேண்டும். இகழ்ச்சியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடியும். ஏனென்றால் மொழித்தகுதி வாதம் சில இடங்களில் முழுக்கச் சரியானது. அந்த இடங்களுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

விவிலியத்தின் ஏசாயா 7:14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் "அல்மா" என்று இருக்கிறது. இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது "பார்த்தெனோஸ்", கன்னி என்று ஆனது. மத்தேயு நற்செய்தி அந்தக் கிரேக்க வடிவத்தைத்தான் எடுத்தாள்கிறது. அங்கே என்ன சொல்லப்பட்டது என்று தீர்ப்புச் சொல்ல, இரண்டு சொற்களையும் பார்த்தே ஆக வேண்டும். யாத்திராகமம் 34:29இல் மோசேயின் முகத்தைப் பற்றி வரும் "காரன்" என்ற வினை ஒளிவீசுவதைக் குறிக்கிறது. கொம்பு என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பு கொம்பு என்றே எழுதியது. உரோமில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் தலையில் இன்றைக்கும் கொம்பு இருக்கிறது.

ரிக்வேதம் பத்தாம் மண்டலம், 18ஆம் சூக்தத்தின் ஏழாம் பாட்டில் பெண்கள் "அக்ரே", அதாவது முன்னால், செல்லட்டும் என்று வருகிறது. அதை "அக்னேஃ", நெருப்பின், என்று மாற்றிப் படித்து உடன்கட்டைக்கு வேதச் சான்று காட்டினார்கள். அடுத்த பாட்டே இறந்தவன் அருகில் கிடக்கும் பெண்ணை உயிருள்ளோர் உலகுக்கு எழுந்து வரச் சொல்கிறது. இந்தப் புரட்டைச் சமஸ்கிருதம் தெரிந்தவரால்தான் பிடிக்க முடியும்.

இப்படித் தீர்ப்பு ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு சொல்முடிச்சு என்று பெயர் வைக்கலாம். பாட ஆய்விலும், அதாவது ஒரு நூலின் வெவ்வேறு பாடங்களை (சொல்வடிவங்களை) ஒப்பிடும் ஆய்விலும், இது பயன்படும்.

சொல்முடிச்சு இல்லாத இடங்களும் இருக்கின்றன. 1 சாமுவேல் 15:3இல் அமலேக்கியரின் ஆண், பெண், பிள்ளை, பால்குடிக்கும் குழந்தை, மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை எல்லாவற்றையும் கொல்லும்படி கட்டளை வருகிறது. இதைப் படித்து ஒருவர் மனம் கொதித்தால் அவரிடம் எபிரேயம் தெரியுமா என்று கேட்பதில் என்ன பயன்? எபிரேயத்தை எத்தனை ஆண்டு படித்தாலும் பால்குடிக் குழந்தை பால்குடிக் குழந்தைதான். உடன்கட்டையும் அப்படியே. "அக்ரே" என்ற பாடம் பொய்யை அம்பலப்படுத்தியது, சரி. ஆனால் ஒரு பேச்சுக்கு வேதத்தில் "அக்னேஃ" என்றே இருந்திருந்தால் அந்தச் செயல் நியாயமாகியிருக்குமா? உயிரோடு ஒரு பெண்ணை எரிப்பது தவறு என்று அறிய எந்த மொழியும் வேண்டியதில்லை. நூல் என்ன சொன்னது என்பது ஒரு தீர்ப்பு, சொன்னது சரியா என்பது வேறொரு தீர்ப்பு. மொழித்தகுதி முதல் தீர்ப்புக்கு உரியது, அதுவும் முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும்.

முதல்நூல்மொழி தெரிந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. வேதமொழி தெரிந்தவர்களிலேயே கௌத்சர் என்பவர் மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்டதாக, வேதச் சொற்களுக்குப் பொருள் ஆராயும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தம் சொல்கிறது. தூணைக் குருடன் பார்க்கவில்லை என்றால் அது தூணின் குற்றமல்ல என்று யாஸ்கர் பதில் சொன்னார். இருவருக்கும் மொழி தெரியும்! நம் குறளையே பாருங்கள். தமிழ் தெரிந்த பத்துப் பேர் உரை எழுதினார்கள் என்பது மரபு. இன்றுவரை ஒத்துப்போகாத குறள்கள் இருக்கின்றன. "கருப்பூரம் நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டதை இன்றைய தமிழ்ப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? தாய்மொழியாகப் பேசுகிறவருக்கே பழைய மொழி தனியாகக் கற்க வேண்டிய ஒன்றுதான். இன்றைய கிரேக்கருக்கும் இது பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பாலி விநயத்தில், அதாவது பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலில், சுல்லவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. புத்தரின் சொற்களை வேதநெறிப்பட்ட "சந்தஸ்" வடிவத்தில் அமைக்கலாமா என்று இரண்டு பிக்குகள் கேட்கிறார்கள். புத்தர் கடிந்துகொண்டு மறுக்கிறார். "சகாய நிருத்தியா", தன் சொந்த மொழியில், கற்றுக்கொள்ள அனுமதிக்கிறார். யாருடைய சொந்த மொழி? கற்பவர் ஒவ்வொருவரின் மொழி என்பது இன்றைய அறிஞர்களில் பலர் கொள்ளும் பொருள். புத்தருடைய மொழியான மாகதி என்று பொருள் கொண்டார் உரையாசிரியர் புத்தகோசர். அவரவர் மொழி போதும் என்று சொல்வதாகத் தோன்றும் வாக்கியமே ஒரு சொல்முடிச்சு! இரண்டு கலைச்சொல்லும் ஏன் சேர்ந்தே பட்டியலில் ஏற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வாதம் குறை சொல்கிறவரை நோக்கி மட்டுமே நீட்டப்படுகிறது. மொழிபெயர்ப்பைப் படித்து மனம் உருகி நம்பியவரிடம், "கிரேக்கம் படிக்காமல் எப்படி நம்பினீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. உலக முஸ்லிம்களில் பெரும்பான்மையோருக்கு அரபு தாய்மொழி அல்ல. கிறித்தவர்களில் கிரேக்கமும் எபிரேயமும் அறிந்தவர்கள் மிகச் சிலர். நம்புவதற்கு வழிநூல் போதும் என்றால் ஐயப்படுவதற்கும் அது போதும். சமயமும் சமய வரலாறும் உங்கள் துறை அல்ல, நுழையாதீர்கள் என்று அம்பேத்கரை எச்சரித்தார்கள். 1946இல் வெளிவந்த "சூத்திரர்கள் யார்?" நூலின் முன்னுரையில் அவர், சமஸ்கிருதப் புலமை இல்லாததுதான் காரணம் என்றால் அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன் என்று மறைக்காமல் சொல்லி, அந்த இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் கிடைக்கிறது, 15 ஆண்டு படிப்பு தனக்குப் போதிய தகுதி தரும் என்று பதில் எழுதினார். மொழித்தகுதி வாதத்துக்கு நேருக்கு நேர் நின்று சொன்ன பதில் அது.

பட்டியலுக்கான வரையறை:

மொழித்தகுதி வாதம்: ஒரு மறைநூலைப் பற்றிய கருத்தை, கருத்துச் சொன்னவருக்கு அதன் முதல்நூல்மொழி தெரியாது என்ற காரணத்தால் மட்டும் தள்ளுவது.

சொல்முடிச்சு: ஒரு பகுதியைப் பற்றிய தீர்ப்பு, முதல்நூல்மொழியின் ஒரு சொல் அல்லது பாடவேறுபாட்டைப் பொறுத்து மாறக்கூடிய இடம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

மறுமடல்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இப்போது.

> முடிச்சு இருப்பதே மொழி தெரியாதவருக்குத் தெரியாதே? அப்படியானால் அவர் எந்த இடத்தில் பேசலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா, இது வலுவான கேள்வி. நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீனுக்கு இதுதான் நடந்தது. அவருக்குக் கிரேக்கம் அதிகம் வராது. உரோமையர் 5:12ஐ இலத்தீனில் படித்தார். "அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்" என்று ஆதாமோடு சேர்த்துப் பொருள் கொண்டார். கிரேக்கத்தை "எல்லோரும் பாவம் செய்ததால்" என்றே பெரும்பாலோர் படிக்கிறார்கள். பிறவிப் பாவம் பற்றிய மேற்குத் திருச்சபையின் கோட்பாட்டில் அந்த இலத்தீன் வாசிப்புக்குப் பங்கு உண்டு. முடிச்சு இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இதற்குத் தீர்வு அவரைப் பேசாதே என்று தடுப்பதல்ல. கிரேக்கம் தெரிந்தவர், "இந்தச் சொல் இங்கே இப்படி வருகிறது, ஆகவே உங்கள் முடிவு மாறும்" என்று காட்டுவதுதான் தீர்வு. நான் அந்த முடிச்சை உங்களுக்கு இப்போது தமிழில்தான் காட்டினேன், உங்களுக்கும் விளங்கியது. காட்டும் பொறுப்பு மொழி தெரிந்தவருடையது. அவர் காட்டினால் அது விளக்கம். காட்டாமல் "உனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னால்தான் அது மொழித்தகுதி வாதம். வரையறையில் "முடிச்சைச் சுட்டிக்காட்டாமல்" என்பதைச் சேர்க்கிறேன்; நீங்கள் கேட்டதால் வந்த திருத்தம் இது.

> மொழி என்று சொல்கிறவர்கள் உண்மையில் வரலாற்றுச் சூழலைத்தான் சொல்கிறார்கள்.

பல நேரம் அப்படித்தான். அப்படியானால் சூழல் என்றே சொல்லட்டும். பழைய போர்க்கதைகளில் மிகைப்படுத்தல் வழக்கம் என்ற விளக்கத்தை எந்த மொழியிலும் சொல்லிப் புரியவைக்கலாம். அதற்குத் தனி உள்ளீடு போடலாம், இதில் கலக்க வேண்டாம்.

அப்புறம், புணர்ச்சி. "சொன்மாலை" போல "சொன்முடிச்சு" என்றுதான் வர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் புதிதாகப் பார்ப்பவருக்குச் "சொல்" கண்ணில் பட வேண்டும், தேடும்போதும் கிடைக்க வேண்டும். அதனால் தலைச்சொல்லாக "சொல்முடிச்சு", "முதல்நூல்மொழி" என்று பிரித்தே வைத்து, "சொன்முடிச்சு", "முதனூன்மொழி" என்ற வடிவங்களைப் பக்கத்தில் குறித்துவிடலாமா? இதற்கு மட்டும் உங்கள் முடிவைச் சொல்லுங்கள், திருத்திய வரையறையோடு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.